அருளப்பரும் யோகனானும் ஒரே பெயர்தான்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ‘யோவான்’ என்ற பெயரின் பொருள் கேட்ட ஒருவருக்கு, ‘கடவுள் அருளினார்’ என்று இரண்டே சொற்களில் பதில் எழுதியிருந்தேன். அதற்குமேல் எழுத அன்று இடமில்லை. இப்போது இந்த ஒரு பெயரைப் பற்றியே கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

எங்கள் பேரனுக்கு யோவான் என்று பெயர் வைக்க இருக்கிறோம். கடையில் வாங்கிய பெயர்ப் புத்தகத்தில் ‘யோவான் – புறா’ என்று போட்டிருக்கிறது. நீங்கள் வேறு எழுதுகிறீர்கள். எது சரி, ஐயா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

அம்மா, புறா என்பது யோனா. மீன் விழுங்கிக் கரையில் கக்கிய தீர்க்கதரிசியின் பெயர் அது. எபிரேய மொழியில் ‘யோனா’ என்றாலே புறாதான். காதுக்கு ஒன்றுபோல் விழுவதால் புத்தகம் எழுதியவர் இரண்டையும் குழப்பிவிட்டார். யோனாவில் இருக்கும் ‘யோ’ புறாவைக் குறிக்கும் சொல்லின் ஒரு பகுதி. யோவானில் இருக்கும் ‘யோ’ கடவுளின் பெயர். கூடவே யோனத்தானையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார் உங்கள் ஊர்க்காரர் இன்னொருவர். அந்தப் பெயரில் கடவுள் இருக்கிறார், ஆனால் வினை வேறு. ‘கடவுள் தந்தார்’ என்பது அதன் பொருள்.

யோவானின் முழு எபிரேய வடிவம் ‘யெஹோஹானான்’. அது பேச்சில் சுருங்கி ‘யோஹானான்’ ஆயிற்று. முன்பாதி, இஸ்ரவேலர் தங்கள் கடவுளை அழைத்த பெயரின் குறுக்கம். பின்பாதி ‘ஹானான்’, அதாவது அருளினார், தயை காட்டினார். நாற்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தியவன் நான். இந்தப் பெயரை முதன்முதலில் பிரித்துப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. இதில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. பயனிலையோ முடிந்த செயலைச் சொல்லும் வினைமுற்று. ‘அருள்வாராக’ என்ற வேண்டுதல் இதில் இல்லை, ‘அருள்வார்’ என்ற நம்பிக்கையும் இல்லை. ‘அருளினார்’ என்று முடிந்துவிட்ட செய்தி இது. எசேக்கியேல் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கடவுள் வலுவூட்டுவார்’ என்று அது எதிர்நோக்கி நிற்கிறது. யோஹானான் திரும்பிப் பார்த்து நன்றி சொல்கிறது. பிள்ளையைக் கையில் வாங்கிய பிறகு ஒரு வீட்டார் சொல்லும் சொல் அது.

ஓய்வு பெற்றபின் மாலை வேளைகளில் ஒரு முதிய போதகரிடம் நான்கு ஆண்டுகள் எபிரேயம் படித்தேன். அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய முதல் பெயர் இதுதான். வலமிருந்து இடமாக யோத், வாவ், ஹேத், நூன், நூன் என்று ஐந்து எழுத்துகள். கடைசி இரண்டும் ஒரே எழுத்து, ஆனால் பார்வைக்கு வேறு வேறு. சொல்லுக்கு நடுவில் வரும் நூன் அடியில் வளைந்து உட்கார்ந்திருக்கும். சொல்லின் இறுதியில் வரும் நூன் நிமிர்ந்து வரிக்குக் கீழே வரை நீளும். இந்தப் பெயரில் அவை இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. வளைந்தது பணிந்த உண்மையாளன், நிமிர்ந்தது நிமிர்ந்த உண்மையாளன் என்று தல்மூது என்ற யூத மறை விளக்கத் தொகுப்பில் அவர்களுடைய அறிஞர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். போதகர் சுண்ணக்கட்டியால் கடைசிக் கோட்டை இழுத்து முடித்தபோது அது பலகையின் சட்டத்தையே தொட்டுவிட்டது.

அந்த ‘ஹானான்’ என்ற வேர் எபிரேயத்தில் எங்கெல்லாம் கிளைவிட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஹேன்’ என்றால் தயை, கிருபை. நோவாவுக்குக் கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது என்று ஆதியாகமத்தில் படிக்கிறோமே, அங்கே வருவது அந்தச் சொல்தான். எபிரேயத்தில் நோவாவின் பெயருக்கு இரண்டே எழுத்துகள். அவற்றைத் திருப்பிப் போட்டால் ‘ஹேன்’! எழுதியவர் கண்ணுக்கு அது தப்பியிருக்காது என்றே நினைக்கிறேன். ‘ஹின்னாம்’ என்றால் விலையில்லாமல், இலவசமாக. இன்றைய இஸ்ரேலில் குற்றவாளிக்குக் குடியரசுத் தலைவர் வழங்கும் மன்னிப்புக்கு ‘ஹனினா’ என்று பெயர். இத்தனைக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்து. கேட்க உரிமை இல்லாதவனுக்குக் கொடுக்கக் கடமை இல்லாதவர் கொடுப்பது.

சாமுவேலின் தாய் அன்னாளும் இந்த வேரில் பிறந்தவள்தான். எபிரேயத்தில் அவள் ஹன்னா. மரியாளின் தாயாகத் திருச்சபை கொண்டாடும் அன்னம்மாளும் அதே ஹன்னாதான். நம் ஊர்களில் அன்னம்மாள் என்றால் சோற்றையும் பறவையையும் நினைத்துக்கொள்வார்கள், அது ஒலி தந்த தற்செயல். யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமை நடுங்கவைத்த ஹன்னிபாலும் இந்தக் குடும்பம்தான். அவன் பேசிய பினீசிய மொழி எபிரேயத்துக்கு உடன்பிறப்பு. அவன் பெயரில் அருள்பவர் அவர்கள் வணங்கிய பாகால் தெய்வம், அவ்வளவுதான் வேறுபாடு.

பழைய ஏற்பாட்டில் யோவான் என்று யாருமே இல்லையே? எபிரேயப் பெயர் என்றால் அங்கேதானே இருக்கவேண்டும்?
– ஒரு வாசகர், நாசரேத்

இருக்கிறார், வேறு உடுப்பில் இருக்கிறார். எரேமியா புத்தகத்தின் 40ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கரேயாவின் குமாரனாகிய யோகனான் என்ற படைத்தலைவர் வருகிறார். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தபின், மிஞ்சிய மக்களுக்குத் தலைவராக வைக்கப்பட்ட கெதலியாவிடம் இரகசியமாகப் போய், ‘உன்னைக் கொல்ல ஆள் வருகிறது’ என்று எச்சரித்தவர் அவர். கெதலியா நம்பவில்லை. கொல்லப்பட்டான்.

அந்த யோகனானும் புதிய ஏற்பாட்டு யோவானும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். பழைய ஏற்பாடு எபிரேயத்திலிருந்து தமிழுக்கு வந்தது, புதிய ஏற்பாடு கிரேக்கத்திலிருந்து வந்தது. நடுவில் இருக்கும் ‘ஹேத்’ என்ற எழுத்துதான் வழியில் தொலைந்தது. கண்ணாடியைத் துடைப்பதற்காக அதன்மேல் ஊதுவோமே, அந்தக் காற்றைத் தொண்டையில் இன்னும் சற்று உரசவிட்டால் ஹேத் வரும். சொல்லுக்கு நடுவில் அந்த ஒலியை எழுதக் கிரேக்கத்தில் எழுத்து இல்லை. ‘இயோவான்னேஸ்’ என்று எழுதினார்கள். அங்கிருந்து நமக்கு யோவான். அதே கிரேக்க வடிவம் லத்தீன் வழியாகப் போய் ஆங்கிலத்தில் ஜான், ஸ்பானியத்தில் ஹுவான், இத்தாலியத்தில் ஜொவான்னி, ஜெர்மனில் ஹான்ஸ் என்று ஆனது. ரஷ்யாவின் இவானும் அந்தக் கிரேக்க வேரில் வந்தவன்தான்.

தொலைந்த மூச்சு தொலையாமல் நிற்கும் இடம் நமக்கு அடுத்த வீடு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் ‘யோஹன்னான்’ என்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் கிரேக்கத்திலிருந்து வரவில்லை. எபிரேயத்துக்கு நெருங்கிய உறவான சிரியாக் மொழியிலிருந்து வந்தது. ‘உலஹன்னான்’ என்ற பெயரையும் அங்கே கேட்டிருப்பீர்கள். அதுவும் இதேதான்.

லூக்கா நற்செய்தியில் உறவினர்கள் இந்தப் பெயரை ஏன் எதிர்த்தார்கள்? அப்படி என்ன குறை கண்டார்கள்?
– ஒரு வாசகர், திருச்சி

குறை எதுவும் இல்லை. குடும்பத்தில் இல்லாத பெயர், அதுதான் வழக்கு. குழந்தை பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்குச் சுற்றத்தார் கூடுகிறார்கள். தகப்பன் பெயரான சகரியாவையே பிள்ளைக்கும் வைக்கப் பார்க்கிறார்கள். தாய் எலிசபெத்து மறுக்கிறாள், ‘யோவான்’ என்கிறாள். உன் உறவில் இந்தப் பெயர் யாருக்கும் இல்லையே என்று அவளை விட்டுவிட்டுத் தகப்பனிடம் சைகையால் கேட்கிறார்கள். அவர் மாதக்கணக்காகப் பேச்சிழந்து கிடக்கிறார். எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி எழுதுகிறார். ‘இவனுக்கு யோவான் என்று பெயர் வைக்கவேண்டும்’ என்று அவர் எழுதவில்லை. ‘இவன் பெயர் யோவான்’ என்றே எழுதுகிறார். பெயர் ஏற்கெனவே இடப்பட்டாயிற்று. நான் முன்பு சொன்ன வினைமுற்று மாதிரியே.

நெடுநாள் பிள்ளையில்லாமல் முதுமை அடைந்த இரண்டு பேர் வீட்டில் ‘கடவுள் அருளினார்’ என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சகரியா என்றால் ‘கடவுள் நினைவுகூர்ந்தார்’. எலிசபெத்தின் எபிரேய வடிவம் எலிஷேவா, அதில் கடவுளின் ஆணை என்ற பொருள் அடங்கியிருக்கிறது. வாய் திறந்ததும் சகரியா பாடும் பாட்டின் 72, 73ஆம் வசனங்களைப் படியுங்கள். முதலில் முன்னோருக்கு வாக்களித்த இரக்கம், அடுத்து உடன்படிக்கையை நினைவுகூர்தல், அடுத்து ஆபிரகாமுக்கு இட்ட ஆணை. பிள்ளை, தகப்பன், தாய் என்று ஒரு வீட்டின் மூன்று பெயர்களின் பொருளும் வரிசையாக வந்துவிடுகின்றன. கிரேக்கத்தில் படிப்பவர் காதில் அது விழாது. தமிழிலும் விழாது. எபிரேயம் தெரிந்த பின்தான் எனக்கு விழுந்தது. அன்று மாலை போதகர் வீட்டுத் திண்ணையில் அந்த இரண்டு வசனங்களை மூன்று முறை வாசித்தோம்.

பெரியவர்கள் மட்டுமே வைத்துக்கொண்ட பெயரா, எளிய மக்களும் வைத்துக்கொண்டார்களா?
– ஒரு கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

நல்ல கேள்வி, மகளே. இயேசு வாழ்ந்த காலத்து யூதேயாவில் மிகப் பரவலாக இருந்த ஆண்பெயர்களில் இதுவும் ஒன்று. ஒரு நாணயத்தையும் ஓர் எலும்புப் பெட்டியையும் சொல்கிறேன்.

கி.மு. 134 முதல் 104 வரை யூதேயாவை ஆண்ட பெருங்குரு யோவான் ஹிர்கானுஸ் வெளியிட்ட வெண்கலக் காசு விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரு மாலை, மாலைக்குள் பழைய எபிரேய எழுத்தில் ‘பெருங்குரு யெஹோஹானானும் யூதர் சபையும்’ என்று பொறிப்பு. மறுபக்கம் இரண்டு வளக்கொம்புகள், நடுவில் மாதுளம்பழம். உருவம் பொறித்த கிரேக்க அரசர்களின் காசுகளுக்கு நடுவில், முகம் இல்லாமல் பெயரை மட்டும் தாங்கி வந்த காசு அது.

பெட்டியின் கதை வேறு. 1968இல் எருசலேமின் வடகிழக்கே கிவத் ஹமிவ்தார் என்ற இடத்தில் வீடு கட்டத் தோண்டியபோது பழைய கல்லறைகள் வெளிப்பட்டன. எலும்புகளைச் சேர்த்துவைக்கும் சுண்ணக்கல் பெட்டி ஒன்றில் ‘யெஹோஹானான்’ என்று கீறியிருந்தது. இருபது வயதைக் கடந்த இளைஞன், ரோமர் சிலுவையில் அறையப்பட்டவன், முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவன். அவனுடைய வலது குதிகால் எலும்பில் பதினோரரை சென்டிமீட்டர் நீள இரும்பு ஆணி ஒன்று அப்படியே நின்றது. முனை மடங்கிப்போனதால் பிடுங்க முடியாமல் ஆணியோடே புதைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோரை ரோமர் சிலுவையில் அறைந்தார்கள் என்று நூல்கள் சொல்லியிருந்தும், எலும்பில் தங்கிய சான்றாக முதன்முதலில் கிடைத்தவன் இவன்தான்.

அந்தப் புகைப்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெட்டியின் எழுத்துகள் கல்தச்சன் கொத்தியவை அல்ல, வீட்டார் யாரோ கூர்மையான எதையோ கொண்டு கீறியவை. அந்தக் கைக்குத் தெரியும், தான் கீறுவது ‘கடவுள் அருளினார்’ என்று. குதிகாலில் ஆணியோடு வந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை மாற்றாமல் எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது, மகளே.

எங்கள் மார்க்கத்தில் யஹ்யா நபி என்கிறோம். அதுவும் இந்தப் பெயர்தானா?
– ஒரு வாசகர், காயல்பட்டினம்

சகரியாவின் பிள்ளையான அதே யோவான்தான் அவர், ஐயா. பெயரின் ஒலி வேறு. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் ‘யூஹன்னா’ என்கிறார்கள், அது நேராக எபிரேய வடிவத்தோடு பொருந்தும். ‘யஹ்யா’ என்பதில் அரபுக் காதுக்கு ‘வாழ்கிறார்’ என்ற பொருள் கேட்கும்.

ஆனால் நீங்கள் மர்யம் அத்தியாயத்தை ஓதியிருப்பீர்கள். அதன் 13ஆம் வசனத்தில் யஹ்யாவுக்கு இறைவன் தன்னிடமிருந்து ‘ஹனான்’ கொடுத்ததாக வருகிறது. கனிவு, இளகிய நெஞ்சு என்று தமிழில் சொல்லலாம். குர்ஆன் முழுவதிலும் அந்தச் சொல் வருவது அந்த ஒரே இடத்தில். எபிரேயப் பெயரின் பின்பாதியும் அதே வேர்தான். வேதத்தில் தேடித் திரிந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலுக்குள் அவருக்கென ஓர் அடக்கத்தலம் இருக்கிறது. கிறிஸ்தவர்களும் அங்கே போய் நிற்பார்கள்.

‘அருளப்பன்’ என்ற பெயர் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. பிள்ளைகள் பழைய காலப் பெயர் என்கிறார்கள். இதற்கும் யோவானுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், மணப்பாடு

தொடர்பு என்று சொல்லக்கூடாது, இது அந்தப் பெயரேதான். பழைய கத்தோலிக்கத் தமிழில் யோவானை அருளப்பர் என்றுதான் சொன்னார்கள். யோர்தானில் திருமுழுக்குக் கொடுத்தவர் ஸ்நாபக அருளப்பர். லத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள்படும் பவுலைச் சின்னப்பர் ஆக்கினார்கள். ஒலியை இழுத்துவந்து தமிழ் எழுத்தில் ஒட்டாமல், பொருளைக் கேட்டறிந்து தமிழில் சொன்னவர்கள் அவர்கள். ‘அருள்’ என்ற சொல்லைத் தேர்ந்தார்களே, அதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. பெயராகவும் நிற்கும், வினையாகவும் நடக்கும். எபிரேய வேரும் அப்படித்தான்.

லிஸ்பனில் 1647இல் பிறந்து மதுரை மறைப்பணிக்கு வந்து, பண்டாரசாமியாக உடுத்து வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டு இறந்த ஜான் தெ பிரிட்டோ தமிழில் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் அருளானந்தர். யோஹானானின் அருள்தான் அங்கும் இருக்கிறது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு இட்ட பெயர் லாசரு. எபிரேயத்தில் அது எலெயாசார், ‘கடவுள் உதவினார்’. தமிழில் தேவசகாயம். 2022இல் ரோமில் புனிதராக உயர்த்தப்பட்டபோது உலகம் முழுவதும் உச்சரித்தது அந்தத் தமிழாக்கத்தைத்தான்.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் ‘யோவான்’ என்றே போட்டது. எல்லாச் சபையாரும் ஒரே பெயரைச் சொல்லவேண்டும் என்ற நோக்கம் நல்லது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் பூசையில் ‘அருளப்பர் எழுதிய நற்செய்தி’ என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

என் தாத்தா பெயர் அருளப்பன். பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் ஒருவர் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொல்லிப் பதிவேட்டில் ஜான் என்று எழுதிவிட்டாராம். பத்திரம், வேலை, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் ஜான். வீட்டில் அவருடைய தங்கை கடைசிவரை ‘அருளண்ணே’ என்றுதான் கூப்பிட்டார். கல்லறைக் கல்லில் ‘ஜான் என்ற அருளப்பன்’ என்று வெட்டியிருக்கிறது. சிறுவனாக அதன் முன் நின்று, உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் போலும் என்று நினைத்திருக்கிறேன். எபிரேயம் படித்தபின் ஒரு கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு போய் மறுபடி வாசித்தேன். ஒரே வாக்கியத்தை இரண்டு மொழியில் எழுதி நடுவில் ‘என்ற’ போட்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் பழையது என்று ஒதுக்கும் பெயர் மொழிபெயர்ப்பில் எதையும் இழக்காதது.

எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள், ஓர் ஆண், ஒரு பெண். ஒரே பெயரின் ஆண்வடிவமும் பெண்வடிவமும் வைக்கலாமா? அப்படி யாராவது செய்திருக்கிறார்களா?
– ஒரு தாய், யாழ்ப்பாணம்

தாராளமாக வைக்கலாம். ஆணுக்கு யோஹானான், பெண்ணுக்கு யோஹானா. லூக்கா 8ஆம் அதிகாரத்தில், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாள் தன் ஆஸ்தியால் இயேசுவுக்கும் சீடருக்கும் பணிவிடை செய்தவள். அந்தப் பெயர்தான் இது. முதல் நூற்றாண்டுக் கல்பெட்டி இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. பெருங்குரு தெயோப்பிலுவின் மகன் யெஹோஹானான், அவன் மகள் யெஹோஹானா என்று அதில் பொறித்திருக்கிறது. தகப்பனும் மகளும் ஒரே பெயரைப் பகிர்ந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ளட்டும். தமிழில் வேண்டுமென்றால் அருளன், அருள்மொழி என்று வைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. எந்தப் பெயர் என்று முடிவானதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், அம்மா.